கடுகு அசுவினி: உருவமும் அடையாளமும்

தென்னகத்தில் தாளிதத்துக்கு ஒரு சிட்டிகை என்ற அளவிலேயே அறிமுகமாகியுள்ள கடுகு, வட இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் கோடிக்கணக்கான குடும்பங்களின் சமையல் எண்ணெய் வித்தாகும். இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஹரியாணா, மத்தியப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் குளிர்காலப் பயிராக இது பெருமளவில் விளைகிறது. 1986ஆம் ஆண்டு எண்ணெய் வித்துகளுக்கான தொழில்நுட்ப இயக்கம் தொடங்கப்பட்ட பின்னர் இப்பயிருக்குத் தனிக் கவனம் கிட்டியது. 2023-24ஆம் ஆண்டில் நாட்டின் கடுகு உற்பத்தி 130 இலட்சம் டன்னைத் தாண்டியது. எனினும் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியின் மூலமே நிறைவு செய்யப்படுகிறது. ஆகவே வயலில் இழக்கப்படும் ஒவ்வொரு குவிண்டால் கடுகும் அந்நியச் செலாவணிக் கணக்கிலும் ஓர் இழப்பாகவே பதிவாகிறது.

இப்பயிரின் தலையாய பகை, இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு சாறு உறிஞ்சும் பூச்சியாகும். அதுவே கடுகு அசுவினி. இதனை எதிர்த்து நிற்கும் வலுவான ஆற்றல் படைத்த கடுகு இரகம் எதுவும் இன்னும் சாகுபடிக்குக் கிட்டவில்லை. எனவே பருவத்தில் விதைத்தல், கண்காணித்தல், தேவை ஏற்பட்டால் மட்டும் மருந்து தெளித்தல் ஆகியவற்றையே நாம் நம்பியிருக்க வேண்டியுள்ளது. இவற்றுள் கண்காணித்தல் என்பதன் முதற்படி, கண்ட பூச்சி எது என்று சரியாக அறிவதாகும். செலவு குறைந்த இம்முதற்படியில் நேரும் பிழை, பின்னர் வரும் படிகள் அனைத்தையும் செலவு மிக்கவையாக ஆக்கிவிடுகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பெயர், பல பூச்சிகள்

சில ஆண்டுகளுக்கு முன், கடுகு விளையும் ஒரு மாவட்டத்தில் பிப்ரவரி மாத இறுதியில் சுற்றுப்பயணம் மேற்கொள்ளும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது. வட்டார அலுவலகங்களிலிருந்து வந்திருந்த படிவங்களில், பூச்சியின் பெயர் என்ற கட்டத்தில் ‘மாஹூ’ என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. அச்சொல்லை ஆதாரமாகக் கொண்டு பூச்சிமருந்து கோரப்பட்டு, அது வந்து சேர்ந்தும் இருந்தது. வயலில் இறங்கிப் பார்த்தபோது, ஒரு பகுதியில் இருந்தவை அசுவினியின் உரித்த தோல்களும், ஒட்டுண்ணிக் குளவியால் மடிந்த கூடுகளுமே. மற்றொரு பகுதியில் இலையடியில் காணப்பட்ட வெண்மை பூச்சியே அன்று, வெண்துரு நோய். மூன்றாவது இடத்தில் மட்டுமே உயிருள்ள அசுவினிகள் பூங்கொத்தை மூடியிருந்தன. மூன்று நிலைமைகள், ஒரே பெயர், ஒரே மருந்து. படிவத்தை நிரப்பியவர் கடமையில் தவறினார் என்று கூறுவதற்கில்லை. வேறுபடுத்திக் காணும் முறை அவருக்குக் கற்றுத்தரப்படவில்லை. வேறுபடுத்தி எழுதப் படிவத்தில் இடமும் இல்லை.

மாஹூ, சேப்பா, மோய்லா என வட்டாரந்தோறும் வழங்கும் பெயர்கள் யாவும் அசுவினி இனத்தைப் பொதுவாகக் குறிப்பவை. கடுகில் வருவதும், உருளைக்கிழங்கில் வருவதும், முட்டைக்கோசில் வருவதும் உழவருக்கு ஒரே மாஹூதான். அன்றாட வழக்குக்கு இப்பொதுப்பெயர் போதுமானது. நிதி ஒதுக்கீட்டுக்கும் மருந்துப் பரிந்துரைக்கும் போதாது.

அறிவியற் பெயர்

கடுகு அசுவினி, ஹெமிப்டிரா வரிசையில் அஃபிடிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இந்திய வேளாண் நூல்களில் இதற்கு லிபாஃபிஸ் எரிசிமி என்ற பெயரே பெரும்பாலும் வழங்கி வருகிறது. அவ்வினத்தை 1843இல் விவரித்தவர் ஜெர்மானிய அறிஞர் கால்டன்பாக். 1914இல் அமெரிக்காவில் டேவிஸ் என்பார், டர்னிப் முதலிய பயிர்களைத் தாக்கும் அசுவினியைச் சூடோபிராசிக்கே என்ற பெயரில் தனியே விவரித்தார். இரண்டும் ஒன்றே என நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் உயிரணுக்களை ஆராய்ந்தபோது, ஐரோப்பாவில் காட்டுச் செடிகளில் வாழும் எரிசிமியில் 10 குரோமோசோம்களும், உலகெங்கும் கடுகுக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் வகையில் பொதுவாக 8 குரோமோசோம்களும் இருப்பது தெரியவந்தது. அதன் அடிப்படையில், பயிர்ப்பகையாகிய வகைக்கு லிபாஃபிஸ் சூடோபிராசிக்கே என்பதே உரிய பெயர் என வகைப்பாட்டியலார் கொள்கின்றனர்.

மாணவர்கள் இரு பெயர்களையும் நூல்களில் சந்திப்பர். அலுவலர்கள் இரு பெயர்களையும் கோப்புகளில் காண்பர். இந்தியக் கடுகு வயலைப் பொறுத்தவரை அவை குறிப்பது ஒரே பூச்சியையே என்பதை நினைவிற் கொண்டால் குழப்பம் நேராது. குரோமோசோம்களை எண்ணுவது ஆய்வுக்கூடத்தின் பணி. வயலில் நமக்கு வேண்டியது வேறு. கடுகில் உடன் காணப்படும் பிற அசுவினிகளிலிருந்து இதனைப் பிரித்தறியும் திறனே அது. அதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்சும், ஒரு மெல்லிய தூரிகையும், பொறுமையும் போதும்.

உடலமைப்பு

அசுவினியின் உடல் மென்மையானது. முன்புறம் குறுகிப் பின்புறம் அகன்ற பேரிக்காய் வடிவினது. தலையில் நீண்ட இரு உணர்கொம்புகளும், கீழ்ப்புறத்தில் செடியின் சாற்றை உறிஞ்சும் ஊசி போன்ற அலகும் உள்ளன. வயிற்றின் பின்பகுதியில், முதுகுப்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றைக் கார்னிக்கிள் என்பர். உடலின் கடைசியில் வால்முனை ஒன்று உண்டு. தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன் முதலிய பிற சாறு உறிஞ்சிகளில் இக்குழல்கள் இல்லை. எனவே கைலென்சில் முதலில் தேட வேண்டியது இக்குழல்களையே. இவை தெளிவாகத் தெரிந்தால் அப்பூச்சி அசுவினி எனத் துணியலாம். அசுவினிகளுக்குள் ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரிப்பதற்கும் இக்குழல்களின் நீளம், வடிவம், நிறம் ஆகியவையே பெரிதும் உதவுகின்றன.

கடுகு அசுவினியில் இறக்கையற்றவை, இறக்கையுள்ளவை என இரு வடிவங்கள் உண்டு. கூட்டமாக மொய்த்திருப்பவை பெரும்பாலும் இறக்கையற்றவை. அவற்றின் நீளம் ஏறத்தாழ 1.4 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை. நிறம் மஞ்சள் கலந்த பச்சை, சாம்பற்பச்சை அல்லது ஒலிவப் பச்சை. உடல் மீது மெல்லிய வெண்மெழுகுப் பூச்சு காணப்படும். காற்றில் ஈரப்பதம் மிகும்போது இப்பூச்சு தடிப்பாவதும் உண்டு. கார்னிக்கிள் குழல்கள் வெளிறியவை. நுனி மட்டும் கருமை படர்ந்தது. அவற்றின் நீளம் வால்முனையின் நீளத்துக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இருக்கும்.

இறக்கையுள்ள வடிவத்தில் தலையும் மார்பும் கருமையானவை. வயிறு மங்கிய பச்சை. வயிற்றின் இரு பக்கங்களிலும் கரும் புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். இறக்கைகள் ஒளி ஊடுருவுபவை. அவற்றின் நரம்புகள் கருமை சாயல் கொண்டவை. இவ்வடிவமே பிற இடங்களிலிருந்து பறந்து வந்து புதிய வயலில் குடியேறுகிறது. ஆகவே செடியில் இறக்கையுள்ளவை ஓரிரண்டு தனித்தனியே காணப்பட்டால் தாக்குதல் தொடங்குகிறது என்றும், இறக்கையற்றவை கூட்டமாக இருந்தால் அது வேரூன்றிவிட்டது என்றும் கொள்ளலாம். இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தி எழுதும் அறிக்கை, மேலதிகாரிக்கு முடிவெடுக்க இரு வாரக் கால அவகாசத்தைக்கூட அளிக்க வல்லது.

உடன் காணப்படும் இரு இனங்கள்

கடுகில் இதனோடு சேர்த்து மயங்கக்கூடிய அசுவினிகள் முக்கியமாக இரண்டு.

முதலாவது, முட்டைக்கோசு அசுவினியாகிய பிரெவிகொரைன் பிராசிக்கே. இது முட்டைக்கோசு, காலிபிளவர் ஆகியவற்றில் மிகுதியாகவும் கடுகில் சில சமயங்களிலும் காணப்படும். நீளம் 1.6 முதல் 2.8 மில்லிமீட்டர் வரை. இதன் உடலைச் சாம்பல் கலந்த வெண்மெழுகு மாவு அப்பியது போல் அடர்த்தியாக மூடியிருக்கும். தூரிகையால் மெழுகை மெல்லத் துடைத்தால் முதுகில் கரும்பட்டைகள் தென்படும். கார்னிக்கிள் குழல்கள் கருமையானவை. பீப்பாய் போல் நடுவில் பருத்து, மிகக் குட்டையாக, வால்முனையை விடவும் சிறியவையாக இருக்கும். வால்முனை அகன்ற முக்கோண வடிவினது.

இரண்டாவது, பச்சைப் பீச் அசுவினி எனப்படும் மைசஸ் பெர்சிகே. பல நூறு வகைச் செடிகளில் வாழ வல்ல இது, 1.2 முதல் 2.3 மில்லிமீட்டர் நீளமுடையது. இதன் உடலில் மெழுகுப் பூச்சு இல்லை. வெளிர்பச்சையோ மஞ்சளோ சில வேளை இளஞ்சிவப்போ ஆகிய நிறத்தில் உடல் பளபளப்பாகத் தோன்றும். உணர்கொம்புகள் புறப்படும் இடத்தில் நெற்றியின் இரு மேடுகளும் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகச் சாய்ந்திருக்கும். கடுகு அசுவினியில் இம்மேடுகள் தாழ்ந்தவை. பெர்சிகேயின் கார்னிக்கிள் குழல்கள் நீண்டவை. வால்முனையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளமும், நுனிப்பக்கம் சிறு பருமனும் உடையவை. இறக்கையுள்ள வடிவத்தின் வயிற்று முதுகில் நடுவே ஒரு பெரிய கரும்படலம் இருக்கும்.

மனப்பாடத்துக்கு எளிதாக இவ்வாறு தொகுத்துக் கூறலாம். குழல் வால்முனையை விடக் குட்டையாயின் முட்டைக்கோசு அசுவினி. வால்முனைக்கு ஒத்ததாகவோ சற்று நீண்டதாகவோ இருப்பின் கடுகு அசுவினி. இரு மடங்கு ஆயின் பீச் அசுவினி. மெழுகைப் பொறுத்தவரை முறையே அடர்த்தி, மென்மை, இன்மை. மெழுகு வானிலைக்கேற்ப மாறக்கூடியது. மழையிலும் பனியிலும் கழுவப்படுவது. ஆகவே மெழுகை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. குழலையும் பார்த்தே துணிதல் வேண்டும்.

செடியில் அமர்ந்திருக்கும் இடமும் துணைச் சான்றாகும். கடுகு அசுவினி குருத்து, பூங்கொத்து, இளங்காய் ஆகியவற்றில் கூட்டங்கூட்டமாக மொய்க்கும். பீச் அசுவினி முதிர்ந்த கீழ் இலைகளின் அடிப்பரப்பில் பரவலாகச் சிதறியிருக்கும். இது துணைச் சான்றே தவிர முடிவான சான்று அன்று. கூட்டம் பெருகும்போது கடுகு அசுவினியும் இலைகளுக்கு இறங்கி வரும்.

இனம் மாறினால் முடிவு மாறும்

பூச்சி எதுவாயினும் பயிருக்குப் பகைதானே, இத்துணை நுணுக்கம் எதற்கு என்ற கேள்வி எழலாம். இதற்கு விடை அடுத்த வயலிலேயே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் கடுகு வயலை ஒட்டி உருளைக்கிழங்கு வயல் இருப்பது சாதாரணக் காட்சி. உருளைக்கிழங்கில் பெர்சிகே அசுவினி சாற்றை உறிஞ்சுவதால் ஏற்படும் சேதம் சிறிது. அது வைரஸ் நோய்களைப் பரப்புவதால் ஏற்படும் சேதமே பெரிது. எனவே விதைக்கிழங்குப் பயிருக்காக மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வகுத்தளித்த விதைப்பாத்தி முறையில், நூறு கூட்டிலைகளுக்கு 20 அசுவினிகள் என்பதே எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அந்த எல்லையை எட்டும் முன் செடியின் தண்டுகளை வெட்டி அகற்றிவிட்டால், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு நோயின்றித் தப்புகிறது. சமவெளியில் நல்ல விதைக்கிழங்கு உற்பத்தி செய்ய வழிவகுத்தது இம்முறையே.

கடுகிலோ நிலைமை முற்றிலும் வேறு. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையின்படி, நடுத்தண்டின் நுனியில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 50 முதல் 60 அசுவினிகள் இருந்தாலோ, அந்நுனியில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அசுவினிகளால் மூடப்பட்டிருந்தாலோ, 40 முதல் 50 சதவீதச் செடிகளில் அசுவினி காணப்பட்டாலோதான் மருந்து தெளிக்க வேண்டும். எல்லை வட்டாரத்துக்கு வட்டாரம் சிறிது மாறுபடலாம். ஆயினும் கடுகில் அது செடியின் நுனியில் எண்ணப்படுகிறது என்பதும், ஒரு செடிக்குப் பத்துக்கணக்கில் அமைகிறது என்பதும் பொது.

நூறு இலைக்கு இருபது என்பது ஒரு வயலில் அபாய அறிவிப்பு. பக்கத்து வயலில் பொருட்படுத்த வேண்டாத எண்ணிக்கை. இரண்டு வயல்களிலும் இருப்பது மாஹூ என்று ஒரே சொல்லால் எழுதி அனுப்பினால், உருளைக்கிழங்கில் காலந்தாழ்த்தவும் கடுகில் அவசரப்படவும் அவ்வறிக்கையே காரணமாகிவிடும்.

மருந்தின் தேர்வும் இனத்தைப் பொறுத்து மாறுபடுகிறது. பீச் அசுவினி உலகின் பல பகுதிகளில் பல்வேறு பூச்சிமருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்ட இனம். கடுகு அசுவினியை ஒழித்த மருந்து அதனிடம் தோற்கக்கூடும். முட்டைக்கோசு அசுவினியின் தடித்த மெழுகில் தெளிப்பு நீர் ஒட்டாமல் உருண்டு வழிந்துவிடும். ஒட்டும் திரவம் சேர்த்தாலன்றிப் பயன் குறைவு. மருந்து பலிக்கவில்லை என்ற புகார் வரும்போது மருந்தின் தரத்தைச் சோதிக்கும் முன்பு பூச்சியின் இனத்தைச் சோதிப்பது நலம்.

அசுவினி போல் தோன்றும் பிற

இனத்தை அறிந்தால் மட்டும் போதாது. காண்பது உயிருள்ளதா என்பதையும் அறிதல் வேண்டும். அசுவினிக் குஞ்சு முழு வளர்ச்சி அடைவதற்குள் நான்கு முறை தோலுரிக்கிறது. உரித்த தோல்கள் வெண்ணிறத்தில் இலைகளிலும் காய்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். தொலைவிலிருந்து நோக்குவோர் இவற்றையும் அசுவினியாகவே எண்ணிவிடுவர். லென்சில் பார்த்தால் இவை உள்ளீடற்ற வெற்றுறைகள் என்பதும், ஊதினால் பறப்பவை என்பதும் விளங்கும்.

அடுத்து, உருண்டு திரண்டு, வைக்கோல் நிறமாகவோ பழுப்பாகவோ மாறி, இலையோடு ஒட்டி அசைவற்றுக் கிடக்கும் அசுவினிகள். டயரெட்டியெல்லா ரேப்பே என்னும் மிகச் சிறிய குளவி உயிருள்ள அசுவினிக்குள் முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து அசுவினியைக் கூடாக்கிவிடுகிறது. இக்கூட்டை மம்மி என்பர். அதன் மேல் வட்டமான துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். துளை இல்லையேல் குளவி உள்ளே இருக்கிறது. மம்மிகள் மிகுந்த வயலில் மருந்து தெளிப்பது, நமக்காக ஊதியமின்றி உழைக்கும் பணியாளரை நாமே அழிப்பதற்கு ஒப்பாகும். ஏழு புள்ளிப் பொறிவண்டும் அதன் முதலை போன்ற புழுவும், சிர்பிட் ஈயின் காலற்ற புழுவும் அசுவினிகளை உண்டு வாழ்பவை. இப்புழுக்களைத் தீங்கு செய்யும் புழுக்கள் எனக் கருதி மருந்து கேட்டு வருவோர் இன்றும் உண்டு. ஆகவே நன்மை செய்யும் பூச்சிகளின் உருவத்தைக் கற்பிப்பதும் அசுவினியின் அடையாளத்தைக் கற்பிப்பதில் அடங்கும்.

மூன்றாவதாக, வெண்துரு நோய். அல்புகோ என்னும் நுண்ணுயிரியால் உண்டாகும் இந்நோயில் இலையின் அடிப்புறம் பால் வெண்மையான கொப்புளங்கள் தோன்றும். பூங்கொத்து பருத்து உருமாறுவதும் உண்டு. கொப்புளம் இலையின் திசுவிலிருந்தே எழுவது; தூரிகையால் தட்டினால் பூச்சியைப் போல் உதிராது. இதற்குப் பூச்சிமருந்து எவ்வகையிலும் பயன்படாது.

அசுவினி கழிக்கும் இனிப்பு நீர் இலைகளில் படிந்து பிசுபிசுப்பை உண்டாக்கும். அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும். கறுத்த இலைகள் அசுவினி இருந்ததற்குச் சான்று. இன்னும் இருப்பதற்குச் சான்று அல்ல.

காலமும் பெருக்கமும்

இந்தியச் சமவெளியில் இப்பூச்சி பெரும்பாலும் ஆண் சேர்க்கையின்றியே பெருகுகிறது. தாய் முட்டையிடுவதில்லை, குஞ்சுகளையே ஈனுகிறது. குளிர்காலத்தில் ஒரு குஞ்சு ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் தானே தாயாகிவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இறக்கையுள்ளவை வந்தமர்ந்து, ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி வரை கூட்டம் உச்சத்தை அடைகிறது. மேகமூட்டமும் மிதமான குளிரும் பெருக்கத்துக்குத் துணை செய்கின்றன. மார்ச்சில் வெப்பம் ஏறியதும், காய்களும் முற்றியதும், கூட்டம் தானாகவே சரிந்துவிடுகிறது. ஆகவே அக்டோபரில் உரிய காலத்தில் விதைத்த பயிர், அசுவினி உச்சமடையும் முன்னரே பூத்துக் காய்பிடித்துப் பெருமளவு தப்புகிறது. பிந்தி விதைத்த பயிர் பூக்கும் பருவத்திலேயே அதனிடம் சிக்குகிறது.

பிப்ரவரி இறுதியில் கோரி மார்ச்சில் வந்து சேரும் மருந்து யாருக்கும் பயன்படாது என்பதற்கு இக்காலக் கணக்கே விளக்கமாகும். கோரிக்கை செல்ல வேண்டிய நாள், இறக்கையுள்ளவை முதன்முதல் தென்பட்ட நாள். அந்நாளைக் காட்டிக்கொடுப்பது அடையாளம் அறிந்த கண் ஒன்றே. வரப்போரச் செடிகளில்தான் தாக்குதல் முதலில் தொடங்குகிறது என்பதால், அந்நிலையில் தாக்குண்ட நுனிகளைக் கிள்ளி அழிப்பதே போதுமான நடவடிக்கையாக அமைவதும் உண்டு.

பொருளாதாரக் கணக்கு

எத்தனை பூச்சி இருந்தால் நடவடிக்கை எடுப்பது என்ற கருத்துக்கு உரிய வடிவம் கொடுத்தவர்கள், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டெர்ன் முதலிய நால்வர். 1959இல் அவர்கள் வெளியிட்ட பொருளாதார எல்லை என்னும் கோட்பாடு, குதிரைமசாலைத் தாக்கிய ஓர் அசுவினியை ஒட்டிப் பிறந்ததே என்பது குறிப்பிடத்தக்கது. தெளிப்புக்கு ஆகும் செலவை விட, தெளிக்காவிடில் ஏற்படும் இழப்பு மிகும் நிலை வரும்போதே செயற்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு ஒருமுறை மருந்து தெளிக்க, கூலி உட்பட, 1,500 ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். 2025-26 கொள்முதல் பருவத்தில் கடுகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,950 ரூபாய். இவ்விலையில் 1,500 ரூபாய்க்கு ஈடான கடுகு ஏறத்தாழ 25 கிலோ. தெளிப்பினால் ஹெக்டேருக்கு 25 கிலோவுக்கு மேல் காப்பாற்ற முடியுமாயின் உழவருக்கு இலாபம், இல்லையேல் நட்டம். பூங்கொத்து மூடிய கடுகு அசுவினிக்கு எதிராக இவ்வளவு எளிதில் காப்பாற்றப்படும். உரித்த தோலுக்கும் மம்மிக்கும் வெண்துருவுக்கும் எதிராகத் தெளித்தால் ஒரு கிலோவும் காப்பாற்றப்படாது. இத்தகைய வீண் தெளிப்பு பத்தாயிரம் ஹெக்டேரில் நிகழுமானால் ஒன்றரைக் கோடி ரூபாய் செலவாகும்.

இக்கணக்கில் வராத செலவுகளும் உள. கடுகு பூக்கும் காலம் தேனீக்களுக்கு அறுவடைக் காலம். வட இந்தியத் தேனீ வளர்ப்போர் பெட்டிகளைக் கடுகு வயல்களை நாடிக் கொண்டுசெல்கின்றனர். பகலில் தெளிக்கப்படும் மருந்து தேனீக்களைக் கொல்கிறது. தேனை இழப்பதோடு மகரந்தச் சேர்க்கையும் குறைகிறது. தவிர்க்க முடியாத தெளிப்பையும் தேனீக்கள் கூடு திரும்பும் மாலை நேரத்தில் மேற்கொள்வதே முறை.

கள அலுவலருக்குச் சில வழிமுறைகள்

வயலின் ஓரத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருதல் கூடாது. குறுக்காக நடந்து, உள்ளே பல இடங்களில் செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் நடுத்தண்டு நுனியிலும் 10 சென்டிமீட்டர் அளவில் உயிருள்ள அசுவினிகளை எண்ண வேண்டும். உரித்த தோல்களைச் சேர்க்கலாகாது. மம்மிகளைத் தனியே எண்ண வேண்டும். பொறிவண்டு, சிர்பிட் புழு ஆகியவற்றின் எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும்.

இனத்தில் ஐயம் ஏற்படின், நீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் இறக்கையுள்ளவை சிலவற்றையும் இறக்கையற்றவை சிலவற்றையும் எடுத்து, 70 சதவீத ஆல்கஹால் கொண்ட சிறு குப்பியில் இட வேண்டும். பயிர், செடியின் பகுதி, ஊர், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டையும் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். மையெழுத்து ஆல்கஹாலில் கரைந்துவிடும். உயிருடன் இருந்தபோது காணப்பட்ட நிறத்தையும் மெழுகையும் சீட்டில் குறிப்பது இன்றியமையாதது. ஏனெனில் ஆல்கஹாலில் அவை இரண்டும் மறைந்துவிடும்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு தொடங்கப்பட்டது முதல், கைபேசியில் எடுத்த படத்தை அனுப்பிப் பூச்சியை அறியும் வசதியும் வந்துள்ளது. இவ்வசதி வரவேற்கத்தக்கதே. ஆயினும் கார்னிக்கிள் குழலும் வால்முனையும் தெளிவாகத் தெரியாத படத்திலிருந்து அசுவினியின் இனத்தை உறுதி செய்தல் அரிது. எதனைப் படமெடுக்க வேண்டும் என்று அறிந்தவர் கையிலேயே அக்கருவி பயன் தரும்.

இறுதியாக, நிருவாகம் செய்யத்தக்க ஒரு சிறு மாற்றத்தைக் குறிப்பிடலாம். கண்காணிப்புப் படிவத்தில் பூச்சியின் பெயர் என்ற ஒரே கட்டத்துக்குப் பதிலாக ஐந்து கட்டங்கள் தேவை: இனம், இறக்கையுள்ளவையா அற்றவையா, செடியின் பகுதி, பத்து சென்டிமீட்டர் நுனிக்கு உயிருள்ள எண்ணிக்கை, மம்மிகளின் எண்ணிக்கை. இதற்கு ஆகும் கூடுதல் செலவு தாளில் சில கோடுகளும், ஒவ்வொரு களப் பணியாளருக்கும் ஒரு கைலென்சும், அரை நாள் பயிற்சியுமே. எண்ணெய் வித்து உற்பத்தியைப் பெருக்க விதைக்கும் உரத்துக்கும் பாசனத்துக்கும் நாம் பெருந்தொகை செலவிடுகிறோம். அவற்றின் பலனை வயலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதில், இரண்டு மில்லிமீட்டர் பூச்சியின் முதுகிலுள்ள குழலைக் குனிந்து பார்க்கும் ஒரு நிமிடத்துக்கும் உரிய பங்கு உண்டு.